சிராலி

சிராலி என்பது துருக்கியின் தென்மேற்குப் பகுதியில், மத்தியதரைக் கடலின் கரையில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். இது அந்தால்யா மாகாணத்தின் கெமர் மாவட்டத்தில் உள்ளது. அணையாமல் எரியும் இயற்கைத் தீ, கடலாமைகள் முட்டையிடும் கடற்கரை, ஒலிம்போசு என்ற பழங்கால நகரின் இடிபாடுகள் ஆகிய மூன்றும் நடந்தே சென்று பார்க்கும் தொலைவில் இருப்பது இவ்வூரின் சிறப்பு. இதே மாகாணத்தின் பிற கடற்கரைகளில் பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்துவிட்டன. சிராலியில் அவ்வாறு நேரவில்லை. பயணிகளை இவ்வூருக்கு ஈர்ப்பதும் பெரும்பாலும் அதுவே.

அமைவிடமும் போக்குவரத்தும்

அந்தால்யா நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 75 கி.மீ. தொலைவில் சிராலி உள்ளது. கடற்கரை நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, பைன் காடுகளின் வழியே வளைந்து இறங்கும் சுமார் 7 கி.மீ. நீளச் சாலையே ஊருக்குள் வரும் வழி. நெடுஞ்சாலைச் சந்திப்பு வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து தொல்முஷ் எனப்படும் சிற்றுந்தில் ஊருக்குச் செல்லலாம். ஊருக்குப் பின்புறம் 2,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த தாக்தலி மலை நிற்கிறது. ஆரஞ்சு, மாதுளைத் தோட்டங்களுக்கு இடையே மரத்தால் கட்டிய சிறு குடில்களே இங்குள்ள தங்கும் விடுதிகள். பெரும்பாலானவற்றை உள்ளூர்க் குடும்பங்களே நடத்துகின்றன.

எரியும் கல்

ஊரின் வடக்கே மலைச்சரிவில் யனார்தாஷ் என்ற இடம் உள்ளது. துருக்கி மொழியில் இதற்கு 'எரியும் கல்' என்று பொருள். இங்கே பாறை வெடிப்புகளில் சிறு சிறு தீக்கொழுந்துகள் இரவும் பகலும் எரிகின்றன. உரோம எழுத்தாளர் மூத்த பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதைக் குறிப்பிட்டுள்ளார். சிங்கம், ஆடு, பாம்பு ஆகியவற்றின் உடற்பகுதிகள் இணைந்த, தீயை உமிழும் கைமேரா என்ற விலங்கைப் பெல்லரோபோன் என்ற வீரன் கொன்றதாகக் கிரேக்கத் தொன்மம் கூறும். அக்கதையை இந்தத் தீயுடன் பழங்காலம் முதல் தொடர்புபடுத்தி வந்துள்ளனர். தீக்கடவுளான ஹெஃபெஸ்டசின் கோயில் இடிபாடுகள் அருகிலேயே கிடக்கின்றன.

இத்தீக்குக் காரணம் எரிமலை அன்று. இங்குள்ள பாறைகள் பூமியின் உட்பகுதியிலிருந்து மேலே வந்தவை. அவற்றிலுள்ள கனிமங்கள் நீருடன் வினைபுரியும்போது ஐதரசன் உண்டாகிறது. அது கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து மீத்தேனாக மாறுகிறது. பொதுவாக இயற்கை வாயு உயிரினங்களின் எச்சத்திலிருந்து தோன்றும். இங்கோ மீத்தேனின் பெரும்பங்கு உயிரினத் தொடர்பின்றிப் பாறையிலேயே உருவாகிறது. அதனால் புவியியலாளர்கள் இவ்விடத்தைத் தொடர்ந்து ஆராய்கின்றனர். பகலில் தீ வெளிறித் தெரியும். எனவே பயணிகள் மாலையில் கைவிளக்குடன் படியேறி, இருட்டிய பின் பார்க்கின்றனர்.

ஒலிம்போசு நகரம்

கடற்கரையின் தென்கோடியில், ஒரு சிற்றாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒலிம்போசு இடிபாடுகள் உள்ளன. பண்டைய லிசியாவின் நகரங்கள் இணைந்து அமைத்த கூட்டமைப்பில் மூன்று வாக்குகள் பெற்றிருந்த ஆறு பெரிய நகரங்களுள் இதுவும் ஒன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் செனிகெட்டசு என்ற கடற்கொள்ளைத் தலைவனின் பிடியில் இருந்த இந்நகரை உரோமானியர் கைப்பற்றினர். அரங்கம், குளியல் கூடம், கோயில் வாயில், கல்லறைகள் ஆகியவை இன்று மரங்களுக்கும் கொடிகளுக்கும் இடையே காணப்படுகின்றன. யூடெமோசு என்ற கப்பல் தலைவனின் கற்பேழையில் அவனது கப்பல் செதுக்கப்பட்டுள்ளது.

கடலாமைகள்

சுமார் 3 கி.மீ. நீளமுள்ள இக்கடற்கரை பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடும் இடமாகும். மே முதல் ஆகஸ்ட் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு குழிக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் வரை இடுகின்றன. சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இருளில் அவை வெளிச்சம் கூடுதலாகத் தெரியும் திசையை நோக்கி நகரும். இயற்கையான கரையில் அது கடலின் திசையே. விடுதி விளக்குகள் கரையில் எரிந்தால் குஞ்சுகள் நிலத்தின் பக்கம் சென்று, களைத்தோ வெயிலில் காய்ந்தோ இறந்துவிடும். மணலில் ஊன்றும் குடைக் கம்புகள் முட்டைக் குழிகளைத் துளைக்கும். வாகனச் சக்கரங்கள் மணலை இறுக்கிக் குஞ்சுகள் மேலே வரமுடியாமல் செய்யும்.

ஆமைகள் முட்டையிடும் காலத்தில் ஊர் மக்களின் கூட்டுறவு அமைப்பும் தன்னார்வலர்களும் காலையில் கரையெங்கும் நடந்து, புதிய முட்டைக் குழிகளைக் கண்டறிந்து, கூண்டு வைத்துக் காக்கின்றனர். இரவில் கரைக்குச் செல்லாதிருத்தல், தீ மூட்டாதிருத்தல், விளக்கு அடிக்காதிருத்தல் ஆகியவை பயணிகளிடம் எதிர்பார்க்கப்படுகின்றன.

பயணிகளுக்கு

லிசியா நடைபாதை சிராலி வழியாகச் செல்கிறது. 1999இல் திறக்கப்பட்ட இது 500 கி.மீ.க்கும் மேல் நீளமுடையது. நடைப்பயணத்திற்கு வசந்தமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. கோடையில் கடலில் நீந்தலாம். கரை பெரும்பாலும் கூழாங்கல் நிறைந்தது என்பதால் காலணி உதவும். மலைமேலுள்ள உலுபினார் ஊரில் ஓடையோர உணவகங்களில் டிரவுட் மீன் கிடைக்கும்.

பாதுகாப்பும் எதிர்காலமும்

இப்பகுதி 1972இல் அறிவிக்கப்பட்ட ஒலிம்போசு-பெய்தாக்லாரி தேசியப் பூங்காவையும் தொல்லியல் பாதுகாப்பு நிலங்களையும் ஒட்டியுள்ளது. இதனால் உயரமான கட்டடங்கள் எழவில்லை. ஆயினும் பயணிகள் பெருகப் பெருக, விடுதிகளும் விளக்குகளும் பெருகும் அழுத்தம் உள்ளது. மலைத் தீ ஒளிர்வதற்கும் ஆமைக் குஞ்சு கடலை அடைவதற்கும் வேண்டியது ஒன்றே: இருள். ஊருக்கு வருமானம் தருவதும் அதுவே. அந்த இருளை இழந்தால், இரண்டு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய பிற கடற்கரைகளிலிருந்து சிராலியைப் பிரித்துக் காட்ட அதிகம் மிஞ்சாது.