வெறுப்பவரும் விசிறியோ?



ஒருவரை நமக்குப் பிடிக்கவில்லை. முகத்தைக் கண்டாலே எரிச்சல். குரலைக் கேட்டாலே கொதிப்பு. ஆயினும் அவர் இணையத்தில் வெளியிடும் ஒவ்வொரு காணொளியையும் ஒன்றுவிடாமல் பார்க்கிறோம். நேற்று என்ன சொன்னார், முந்தாநாள் என்ன சொன்னார் என்பதை மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். 'நீ அவருடைய விசிறி' என்று எவரேனும் நம்மைச் சொல்லிவிட்டால் சண்டைக்கே போய்விடுகிறோம். அப்படிச் சொல்வது பிழைதானா? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இது இணையம் ஈன்ற புதுமை என்று எண்ணிவிட வேண்டா. 1943 ஆம் ஆண்டில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற ஏட்டைத் தொடங்கினார்; பின்னர் 'இந்துநேசன்' என்ற ஏட்டை நடத்தினார். திரையுலகத்தாரின் அந்தரங்கம் என்ற பெயரால் அவதூறுகளை அச்சிட்டு விற்றதே அவ்வேடுகளின் தொழில். 'மஞ்சள் பத்திரிகை' என்று மக்கள் முகம் சுளித்தனர். விற்பனையோ சூடாகவே நடந்தது. 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்திக்குத்துக்கு ஆளாகி மாண்டார். அவ்வழக்கில் தியாகராச பாகவதரும் கலைவாணர் கிருஷ்ணனும் 1945 இல் தண்டனை பெற்று, மேல்முறையீட்டுக்குப்பின் 1947 இல் விடுதலையாயினர். இவ்வளவு பெரிய கதைக்குப் பின்னால் நின்றவன் யார்? ஏட்டைக் காசு கொடுத்து வாங்கிய வாசகன்! விரும்பி வாங்கியவன் காசும், வெறுத்துக்கொண்டே வாங்கியவன் காசும் ஒரே பெட்டியில்தான் விழுந்தன.

புராணக்காரர்களும் இதை அறிந்திருந்தார்கள். கண்ணனை அஞ்சி வெறுத்த கம்சன், உண்ணும்போதும் உறங்கும்போதும் அவனையே நினைத்தானாம்; அந்த இடையறாத நினைவினாலேயே வீடுபேறு பெற்றான் என்று பாகவதம் கூறுகிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், பகையும் பக்தியைப் போலவே மனத்தைக் கட்டிப்போடும் என்ற உளவியல் உண்மை அதில் இருக்கிறது அன்றோ?

இக்காலத்து அறிஞர்களும் இதனை ஆய்ந்துள்ளனர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோருடன் நேயர் கொள்ளும் ஒருவழி உறவைப்பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956 இல் எழுதினர். அவரை நாம் அறிவோம். நம்மை அவர் அறியார். ஆயினும் நெருங்கிப் பழகியது போன்ற உணர்வு நமக்கு உண்டாகிறது. நட்புக்குச் சொன்ன இது பகைக்கும் பொருந்தும். 2003 இல் ஜொனாதன் கிரே என்பவர் 'எதிர்விசிறி' என்ற வகையினரைச் சுட்டிக்காட்டி, விரும்புவோரை ஆராய்வது போலவே வெறுப்போரையும் ஆராய வேண்டும் என்று வாதிட்டார்.

இனி, நம் வினாவுக்கு வருவோம். தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ரசிகன், மற்றொன்று விசிறி. ரசிகன் என்பவன் சுவைப்பவன். வெறுப்பவன் சுவைக்கவில்லையே! ஆகவே அவன் ரசிகன் அல்லன். விசிறியின் கதை வேறு. ஆங்கிலத்தில் வெறியரைக் குறித்த சொல்லின் சுருக்கமே 'ஃபேன்' என்பர். நாமோ அதைக் காற்று வீசும் கருவியாகக் கருதி 'விசிறி' என்று ஆக்கிக்கொண்டோம். இதைத் தவறான மொழிபெயர்ப்பு என்று நகைப்போர் உண்டு. எனக்கோ இது மிகப் பொருத்தமான சொல்லாகவே தோன்றுகிறது. விசிறியின் வேலை காற்றை எழுப்புவது. கையில் பிடித்தவன் அன்போடு வீசினாலும், ஆத்திரத்தோடு வீசினாலும் அடுப்புக்கு ஒன்றுதான். நெருப்பு வளரும்!

இணையத்தின் கணக்கும் இப்படிப்பட்டதே. எத்தனை பேர் சொடுக்கினர் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கு 2012 இல் யூடியூப் முதன்மை அளித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த பத்து நிமிடமும் பத்து நிமிடமே. முகநூலில் 2017 முதல் சினக்குறி ஒன்றுக்கு ஐந்து விருப்பக்குறிகளின் எடை தரப்பட்டது. 2020 இல்தான் சினக்குறியின் எடை முழுவதும் நீக்கப்பட்டது. 'பிடிக்கவில்லை' என்ற பொத்தானை அழுத்தினால் போதாதா எனலாம். 20,000 பேருக்கு மேற்பட்டோரின் துணையோடு மொசில்லா நிறுவனம் 2022 இல் இதனைச் சோதித்தது. வேண்டாத பரிந்துரைகளில் 12 விழுக்காட்டையே அப்பொத்தான் தடுத்தது. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்ற பொத்தான் தடுத்ததும் 43 விழுக்காடுதான்.

இவ்வளவும் எழுதும் நான் யோக்கியன் அல்லன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 மே மாதம், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருள்பட நடிகர் கமல்ஹாசன் சென்னையில் பேசினார். அவருடைய 'தக் லைஃப்' படம் ஜூன் 5 அன்று வெளியானபோது கருநாடகத்தில் திரையிடப்படவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அந்த வாரங்களில் தமிழரை இழித்துப் பேசி நாள்தோறும் காணொளி வெளியிட்ட ஒருவர் என் கண்ணில் பட்டார். பெயர் வேண்டா, காரணம் உங்களுக்கே விளங்கும். பொம்மசந்திராவில் ஆலைச் சங்கு ஒலிக்கும் தெருவொன்றில் என் அறை. ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பியதும் சோற்றுத் தட்டைக்கூட எடுக்காமல் அவருடைய பேச்சைத்தான் தேடுவேன். பார்ப்பேன், கொதிப்பேன், மறுமொழி எழுதுவேன், அதற்கு வரும் வசவுகளைப் படிப்பேன். இரவு ஒரு மணி ஆகிவிடும். 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலின்போது இந்நகரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்த காட்சி மனத்தில் ஓடும். 'எதிரி என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

என் அறையில் உடன் வாழ்பவர் துமகூரைச் சேர்ந்த கன்னடத் தோழர். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "உங்கள் ஆள் பேசுகிற பேச்சைப் பார்த்தீர்களா?" என்று கைப்பேசியை அவர்முன் நீட்டினேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "யாரு அவனு?" என்றார். கேள்விப்பட்டதே இல்லையாம்! கன்னடர் அறியாத அம்மனிதரைக் கன்னடர் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தவன் தமிழனாகிய நான். விசிறியின் வேலையை இதைவிட யார் செவ்வனே செய்ய முடியும்?

பின்னர் ஒரு வாரம் அவர் காணொளி ஏதும் வெளியிடவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை; அவருக்கு என்ன ஆயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தீமையைக் கவனியாமல் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்பது நியாயமே. பொய்யைச் சரிபார்க்கும் செய்தியாளர் பொய்யனைப் பின்தொடரத்தான் வேண்டும். வழக்குத் தொடுப்பவர் ஆதாரம் திரட்டத்தான் வேண்டும். அவர்கள் விசிறிகள் அல்லர். எப்படிப் பிரித்தறிவது? அவர்களுக்கு ஒரு வேலை உண்டு. வேலை முடிந்ததும் பார்ப்பதை நிறுத்துவார்கள். நமக்கோ வேலையும் இல்லை, முடிவும் இல்லை. 'இவர் நாளை முதல் பேசுவதை நிறுத்திவிட்டால் எனக்கு மகிழ்ச்சி பிறக்குமா, வெறுமை பிறக்குமா?' என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும். வெறுமை என்று விடை வருமானால், தோழரே, உமது கையில் விசிறி இருக்கிறது.

எனவே என் முடிவு இதுதான். வெறுத்துப் பின்தொடர்பவன் ரசிகன் அல்லன், ஆனால் விசிறியே. சுவை இல்லாமலே தொண்டு செய்யும் விசிறி என்பதால், ரசிகனைவிட இரங்கத்தக்கவன்.

இன்று அந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே என்று பணித்துவிட்டேன். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்த மஞ்சள் தட மெட்ரோவில் ஏறி அமர்ந்தால், கைப்பேசியை எடுக்காமல் அந்தத் துமகூர்த் தோழரிடம் கன்னட எழுத்துக்களைக் கற்றுக்கொள்கிறேன். நிலையங்களின் பெயர்ப் பலகைகளே பாடநூல். பாதிப் பலகைகளைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுகிறேன். அவரும் பதிலுக்குத் தமிழில் 'ழ'கரத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார்.