வெள்ளைக் கரையில் ஒரு தண்ணீர்ப் பண்டமாற்று

ஸ்பெயின் நாட்டின் கிழக்கே, மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி, அலிகாந்தே மாகாணத்துக் கடலோரம் இருக்கிறது. அதைக் 'கோஸ்டா பிளாங்கா' என்பார்கள். வெள்ளைக் கரை என்று பொருள். அந்தக் கரையில் பெனிடோர்ம் என்று ஓர் ஊர். ஐரோப்பாச் சுற்றுலா போய்வரும் நம் சங்கத்துப் பிள்ளைகள் பாரிஸ், ரோம் என்று படம் காட்டுவார்கள்; இந்த ஊர் அதில் வராது. இங்கிலாந்துத் தொழிலாளிக் குடும்பங்களுக்கோ வெயில் காய இது பழகிப்போன இடம். நான் போனதில்லை. ஆனால் நாற்பது வருஷமாகக் குழாயும் வால்வும் விற்றுப் பிழைப்பவன். மழை குறைந்த ஒரு கரையில் இத்தனை பேர் குளிக்க எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஊர் அமைப்பு எளிது. கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனை. அதன்மேல் பழைய ஊரும் மாதாகோவிலும். ஒரு பக்கம் லெவாந்தே, மறுபக்கம் போனியந்தே என்று இரண்டு மணற்கரைகள். 1950-இல் இங்கே சுமார் 3000 பேர்தான். ஆண்கள் கடலோடிகள். சூரை மீன் கூட்டத்தை வழிமறிக்கும் 'அல்மத்ராபா' என்ற நிலைவலை இடுவதில் இவ்வூர்த் தலைவர்கள் ஸ்பெயின் கரையெங்கும் பேர் பெற்றவர்கள். அந்தத் தொழில் நொடித்துப்போன சமயத்தில்தான், 1950-இல், பெத்ரோ சரகோசா என்ற இளைஞர் மேயரானார். 1956-இல் ஊருக்கு ஒரு முழு வரைபடத் திட்டம் போட்டார். அகலமான தெருக்கள், கட்டடத்தைச் சுற்றிக் காலியிடம் என்று அப்போதே கோடு கிழித்தாயிற்று. 1963-இல் திட்டத்தைத் திருத்தி, உயரக் கட்டுப்பாட்டையும் நீக்கினார்கள். பிகினி உடையை அனுமதித்ததற்காக மதகுருமார் சினந்தபோது, அவர் வெஸ்பா ஸ்கூட்டரில் மத்ரித் வரை போய்ச் சர்வாதிகாரி ஃபிராங்கோவையே பார்த்துப் பேசியதாகச் சொல்வார். எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். எனக்கென்னவோ ஸ்கூட்டரைவிட அந்த வரைபடம்தான் பெரிய சங்கதியாகப் படுகிறது.

1967-இல் அலிகாந்தே விமான நிலையம் திறந்தது. டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலையில் விற்கும் சுற்றுலா பெருகியது. கட்டடங்கள் மேலே மேலே எழும்பின. தண்ணீர்தான் பெருகவில்லை. பின்புறத்து மலைகளில் உற்பத்தியாகும் குவாதலெஸ்த், அல்கார், அமதோரியோ எல்லாம் சின்ன ஆறுகள். மழையோ வருஷத்துக்கு வருஷம் ஏமாற்றும். 1978 வறட்சியில் நிலைமை முற்றி, கப்பலில் குடிநீர் ஏற்றிவந்து இறக்க வேண்டியதாயிற்று. கண்ணெதிரே கடல், ஹோட்டல் குழாயில் காற்று! ஒரு சுற்றுலா ஊருக்கு இதைவிட வேறு அவமானம் உண்டா?

ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இருந்த நல்ல தண்ணீரில் பெரும்பங்கு தலைமுறை தலைமுறையாக விவசாயிகளுக்கு உரியது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள். பணபலம் ஹோட்டல் பக்கம், உரிமை தோட்டத்தின் பக்கம். நம் நாட்டிலே இந்த மாதிரி வழக்கு கோர்ட்டில் எத்தனை வருஷம் இழுக்கும் என்று நமக்குத் தெரியும். அங்கே பெனிடோர்மும் அக்கம்பக்கத்து ஊர்களும் மாகாண நிர்வாகமும் சேர்ந்து 1977-இல் ஒரு தண்ணீர்க் கூட்டமைப்பை உண்டாக்கியிருந்தன. 'மரினா பாஹா தண்ணீர்க் கூட்டமைப்பு' என்று பெயர். அது விவசாயிகளோடு படிப்படியாகச் செய்துகொண்ட ஏற்பாடு சுத்தமான பண்டமாற்று. விவசாயி தன் ஆற்று நீரை ஊருக்கு விடுகிறார். ஊர் அதைக் குடித்து, குளித்து, சாக்கடையில் விட்ட பிறகு, அதே நீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. சுத்திகரிப்பு, பம்பு, குழாய்ச் செலவெல்லாம் கூட்டமைப்பின் கணக்கு.

இதில் ஒரு வியாபாரியாக நான் மெச்சுவது ஒன்று: விவசாயிகள் உரிமையை விற்கவில்லை. ஆற்று நீர் இன்றும் சட்டப்படி அவர்களுடையதே. பயன்பாடு மட்டும்தான் கைமாறுகிறது. ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், பணமும் தீர்ந்து தோட்டமும் காய்ந்திருக்கும். அவர்களுக்குக் கிடைத்த இன்னொரு லாபம், கோடையிலும் நிற்காத ஊற்று. ஆறு வற்றினாலும் ஹோட்டல் சாக்கடை வற்றாதே! 1985-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் ஸ்பெயின் நாட்டு முதியவர்கள் சலுகைக் கட்டணத்தில் குளிர்காலத்திலும் வருகிறார்கள்; அதனால் பல ஹோட்டல்கள் வருஷம் பூராவும் திறந்திருக்கின்றன.

குறை இல்லாமலில்லை. ஊர் வழியே போய்வந்த நீரில் உப்பு ஏறிவிடும். எலுமிச்சை வகை மரங்களுக்கு உப்பு ஆகாது. அதனால் ஒரு பகுதி நீரை உப்பு நீக்கும் சவ்வுகள் வழியே அழுத்தித் தள்ளிக் கலக்கிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். சவ்வு மாற்றுகிற செலவு வேறு.

பெனிடோர்மின் அடுக்குமாடிகளைப் பார்த்து முகம் சுளிப்பவர் உண்டு. 2002-இல் திறந்த கிரான் ஹோட்டல் பாலி 186 மீட்டர் உயரம். அழகு வேறு விஷயம். தண்ணீர்க் கணக்கில் கோபுரமே சிக்கனம். முந்நூறு அறைக்கு ஒரே நீச்சல்குளம் போதும், புல்தரை கிடையாது. அதே முந்நூறு குடும்பங்களைத் தனித்தனி வில்லாக்களில் குடிவைத்தால் வீட்டுக்கு வீடு குளம், வீட்டுக்கு வீடு தோட்டம். புல்லுக்கு ஊற்றிய தண்ணீர் சாக்கடைக்கு வராது, ஆகவே விவசாயிக்கும் திரும்பாது. குழாய் நீளமும் கூடும். குழாய் நீண்டால் இணைப்பு கூடும், இணைப்பு கூடினால் கசிவு கூடும்; இது கடைப் பையனுக்கே தெரிந்த பாடம். பெனிடோர்மில் குழாயில் விடும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கணக்கில் வந்துவிடுகிறது. நம் பெருநகரங்களில் மூன்றில் ஒரு பங்குகூடக் கசிவிலும் கணக்கில்லாமலும் போவதுண்டு.

அக்கரையின் மற்ற ஊர்களில் மலைச்சரிவெங்கும் வில்லாக்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. தோட்டம் மனையாக மாறினால் திருப்பி அனுப்பும் நீரை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. இப்போதைக்கு ஏற்பாடு ஓடுகிறது. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் தோட்டக்காரர் தம் ஆற்று நீரையே எடுத்துக்கொள்கிறார். வறண்ட வருஷத்தில் அது ஹோட்டலுக்குப் போகிறது, ஹோட்டல் நீர் தோட்டத்துக்கு வருகிறது.