குரல் நாண் செயலிழந்தால் கழுத்தில் குழாய்தான் முடிவா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் யாருக்காவது தொண்டை கட்டிக்கொள்ளும். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு என்று ஒரு வாரத்தில் சரியாகிவிடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் திரும்பவில்லையா? அருவித் தண்ணீர் மேல் பழி போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மாறியிருந்தால் அத்தனை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு நாண்களும் மூச்சு விடும்போது விலகும், பேசும்போது சேரும், விழுங்கும்போது இறுக மூடும். இவற்றை அசைக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியே போகிறது. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கிப் பெருந்தமனியைச் சுற்றித் திரும்புவதால், நுரையீரல் கட்டிகூட முதலில் குரல் கம்மலாக வெளிப்படலாம். மருத்துவர் நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு நாண் மட்டும் செயலிழந்தால் குரல் காற்றாகப் போகும், தண்ணீர் குடித்தால் புரையேறும். அந்த நாணில் கொழுப்போ ஜெல்லோ ஊசியால் செலுத்தி நடுப்பக்கம் நகர்த்துவார்கள்.

இரண்டும் செயலிழந்தால் கதை வேறு. குரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மூச்சுதான் அடைக்கும். "பேச்சு நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டார் ஏமாந்துபோவது இங்கேதான். மாடி ஏறும்போதும் தூக்கத்திலும் வரும் இழுப்புச் சத்தத்தை ஆஸ்துமா என்று நினைத்துவிடுகிறோம். மூச்சு முற்றிலும் திணறினால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து உயிரைக் காப்பாற்றுவார்கள். குழாய் இருப்பவர் அருவிப் பக்கம் தலை காட்டவே கூடாது. தண்ணீர் துளை வழியே நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆனால் ஆயுள் முழுக்கக் குழாயோடுதான் என்று மனம் தளர வேண்டாம். நரம்பு தானாகத் தேறுமா என்று ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பார்ப்பார்கள். தேறாவிட்டால் லேசர் சிகிச்சை உண்டு. டென்னிஸ், கஷிமா என்ற இரு மருத்துவர்கள் 1989இல் வெளியிட்ட முறை இது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, ஒரு நாணின் பின்பகுதியை மட்டும் வெட்டி மூச்சுக்கு வழி திறக்கிறார்கள். கழுத்தில் புதிதாகக் கத்தி படாது. மூச்சு சீரானபின் குழாயை எடுத்துவிடலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. வழி அகலமாகும் அளவுக்குக் குரல் பலவீனமாகும். பாங்கு சொல்பவர், மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் தம் தொழிலை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதலில் குறைவாக வெட்டி, போதாவிட்டால் மறுமுறை செய்துகொள்ளலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்குப் பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அட்மிஷனுக்கு முன்பே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் இந்தச் சிகிச்சைக்கு உதவி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதாரோடு பழைய ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சீட்டையும் தேடி எடுத்துப் போங்கள். ஆபரேஷன் நடந்த தேதியை வைத்துத்தான் இன்னும் காத்திருக்கலாமா, லேசருக்குப் போகலாமா என்று முடிவு செய்வார்கள்.