வெட்டாமல் உள்ளே பார்க்க முடியுமா? கல்பாக்கத்தில் இரும்புக்கு எடுக்கும் 'ஸ்கேன்'!

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும்போது வழியில் எலுமிச்சம்பழம் வாங்கியிருப்பீங்க. எப்படி வாங்குவீங்க? கையில் உருட்டிப் பார்ப்பீங்க, லேசா அழுத்துவீங்க, தோலில் புள்ளி இருக்கான்னு பார்ப்பீங்க. ஆனா உள்ளே சாறு இருக்கா, காய்ஞ்சு கிடக்கான்னு வெட்டினால்தான் நிச்சயமா தெரியும். வெட்டிய பழத்தையோ மாலையில் கோக்க முடியாது.

இதே தலைவலி ராக்கெட் செய்பவர்களுக்கும் உண்டு. அணு உலை கட்டுபவர்களுக்கும் உண்டு. வெட்டிப் பார்த்தால் பொருள் போச்சு. பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டுபிடிக்கும் இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. மேல்மலையனூரில் இருந்து செஞ்சி, திண்டிவனம் தாண்டி, நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் கடலோரம் கல்பாக்கம். அங்கே 1971-ல் தொடங்கிய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க அணுத்துகள்களையே ஏவுறாங்க.

எக்ஸ்ரே இருக்கே, அது போதாதா?

நல்ல கேள்வி. 1895-ல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்பும் மோதிரமும் கறுப்பா தெரிந்தன, சதை மங்கலா போச்சு. காரணம் எளிது. எக்ஸ்ரே, அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்களோடுதான் மோதும். எலெக்ட்ரான் அதிகமுள்ள கனமான தனிமம் என்றால் தடுக்கும். ஹைட்ரஜன், கார்பன் மாதிரி லேசான தனிமம் என்றால் பெரும்பாலும் ஊடுருவிப் போயிடும்.

இப்போ ஒரு எலுமிச்சம்பழத்தைத் தடிமனான ஈயப் பெட்டிக்குள் வைத்து எக்ஸ்ரே எடுங்க. பெட்டிதான் தெரியும், பழம் தெரியாது.

இங்கேதான் நியூட்ரான் வருது. அதற்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் எலெக்ட்ரான்களைக் கண்டுக்காமல் நேரா அணுக்கருவிடம் போகும். ஈயத்தைச் சுலபமா தாண்டிடும். ஆனா ஹைட்ரஜனைப் பார்த்தால் நாலா பக்கமும் சிதறிடும். பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கு. ஆக, அதே பெட்டியை நியூட்ரானில் படம் எடுத்தால் பெட்டி மங்கலாகி, பழம் பளிச்சுன்னு தெரியும்! எக்ஸ்ரே எதைக் கோட்டை விடுதோ, அதை நியூட்ரான் பிடிக்கும்.

உங்க கையில் இருக்கும் போனுக்கும் இது பொருந்தும். பேட்டரியில் இருக்கும் லித்தியம் மிக லேசான உலோகம். எக்ஸ்ரேக்கு அது அவ்வளவா சிக்காது, நியூட்ரானுக்கு நல்லா சிக்கும். பேட்டரியைப் பிரிக்காமலே, சார்ஜ் ஏறும்போது லித்தியம் எங்கே நகருதுன்னு பார்க்க உலகம் முழுக்க ஆய்வகங்கள் நியூட்ரானைப் பயன்படுத்துகின்றன.

30 அயர்ன் பாக்ஸ் அளவு உலை

கல்பாக்கத்தில் இந்த வேலைக்கு இருக்கும் உலையின் பெயர் காமினி. 'கல்பாக்கம் மினி' என்பதன் சுருக்கம். 1996-ல் இயங்கத் தொடங்கியது. இதன் சக்தி வெறும் 30 கிலோவாட். அதாவது, 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் முப்பதை ஒரே நேரத்தில் ஆன் செய்தால் வரும் சூடு, அவ்வளவுதான். இது கரன்ட் தயாரிக்கும் உலை இல்லை. நியூட்ரான் தருவதுதான் வேலை.

இதன் எரிபொருளும் தனி ரகம். தோரியத்தில் இருந்து உருவாக்கப்படும் யுரேனியம்-233. இந்த எரிபொருளில் ஓடும் உலை உலகத்திலேயே இது ஒன்றுதான்னு சொல்றாங்க. தோரியம் வேறெங்கோ கிடைப்பதில்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கு.

காமினியில் சோதிக்கப்படும் பொருள்களில் முக்கியமானவை இஸ்ரோவின் வெடிச்சாதனங்கள். ராக்கெட் மேலே போகும்போது எரிந்து முடிந்த அடுக்கு கழன்று விழணும், இல்லையா? அதைக் கழற்றிவிடுவது இப்படிப்பட்ட சின்னச் சின்ன வெடிச்சாதனங்கள்தான். உலோக உறைக்குள் வெடிமருந்து அடைத்திருக்கும். மருந்து சரியா நிரம்பியிருக்கா, நடுவில் இடைவெளி விழுந்திருக்கா? வெடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனா வெடித்ததை ராக்கெட்டில் வைக்க முடியாதே! எக்ஸ்ரேயில் உறைதான் தெளிவா தெரியும். வெடிமருந்தில் ஹைட்ரஜன் உண்டு என்பதால், நியூட்ரானில் உள்ளே இருக்கும் மருந்து தெரியும். பல கோடி ரூபாய் ராக்கெட் மேலே போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கீழேயே எடுக்கும் ஸ்கேன் இது.

பல வருஷத் தேய்மானம், சில மணி நேரத்தில்

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். வேக ஈனுலைக்குள் எரிபொருள் மெல்லிய எஃகுக் குழாய்களில் இருக்கும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலைக்கு வடிவமைத்த குழாயின் விட்டம் 6.6 மில்லிமீட்டர். நீங்க எழுதும் பேனாவைவிடச் சன்னம். சுற்றிலும் உருகிய சோடியம் ஓடும். உள்ளே இருந்து நியூட்ரான்கள் இடைவிடாமல் எஃகைத் தாக்கும்.

எஃகில் அணுக்கள் வரிசையா அடுக்கி இருக்கும். நியூட்ரான் மோதும்போது ஒரு அணு இடம்பெயரும், அந்த இடம் காலியாகும். இப்படிக் காலியான இடங்கள் ஒன்றுசேர்ந்தால் நுண்ணிய ஓட்டைகள் உருவாகும். விளைவு? எஃகு உருகாமலே உப்பும்! 1960-களில் பிரிட்டனின் டவுன்ரே உலையில் இதை முதலில் கவனித்தார்கள். குழாய் உப்பினால் சோடியம் போக வழி குறுகும். அதனால் எந்த எஃகு எவ்வளவு உப்பும்னு முன்கூட்டியே தெரிந்தாகணும்.

உலைக்குள் வைத்து சோதித்தால் வருஷக்கணக்கில் ஆகும். அதற்குத்தான் துகள் முடுக்கி. கல்பாக்கத்தில் 17 லட்சம் வோல்ட் முடுக்கி ஒன்று இருக்கு. அதில் நிக்கல் அயனிகளை வேகப்படுத்தி எஃகின் மேல் ஏவுறாங்க. உலையில் பல வருஷம் பட வேண்டிய அடி, சில மணி நேரத்திலேயே பட்டுவிடும். ஒவ்வொரு அணுவும் சராசரியா 100 தடவை இடம் மாறும் அளவுக்குக்கூடப் போக முடியும். யூடியூப் வீடியோவை வேகமா ஓட்டிப் பார்ப்பது மாதிரி, எஃகின் முதுமையை வேகமா ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இப்படிப் பார்த்ததில், டி9 என்ற எஃகில் சேர்க்கும் டைட்டானியத்தின் சிறு அளவு வித்தியாசம்கூட உப்பலைக் கூட்டும், குறைக்கும் என்று தெரியவந்தது. உள்ளே உருவாகும் காலி இடங்களைக் கண்டுபிடிக்க பாசிட்ரான் என்ற துகளையும் அனுப்புறாங்க. அது காலி இடமா பார்த்துப் போய் விழும். அங்கே எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது வரும் காமா கதிர் தகவல் சொல்லும்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. அயனிகள் மேற்பரப்பில் தலைமுடியின் தடிமனைவிட ரொம்பக் குறைவான ஆழம்தான் போகும். நிஜ உலையில் குழாய் முழுக்க அடிபடும். அதனால் முடுக்கி சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. உலையில் இருந்து எடுத்த மாதிரியோடும் ஒப்பிட்டுத்தான் எஃகைத் தேர்வு செய்றாங்க.

இதுல உங்களுக்கு என்ன?

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த அண்ணன் யாராவது 'என்.டி.டி. கோர்ஸ் போறேன்'னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதுவும் இதே குடும்பம்தான். பொருளைச் சிதைக்காமல் சோதிப்பது. கப்பல், பைப்லைன், பாய்லர் என எங்கே வெல்டிங் இருந்தாலும், உள்ளே விரிசல் இருக்கான்னு பார்க்க எக்ஸ்ரேயோ, இரிடியம்-192 தரும் காமா கதிரோ தேவை. சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க.

பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேளுங்க. கதிரியக்க மூலத்தைக் கையாள, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். நீங்க சேரும் கோர்ஸில் அது கிடைக்குமா? வேலைக்குச் சேர்ந்த பிறகு, உடம்பில் படும் கதிரின் அளவைப் பதிவு செய்யும் பேட்ஜ் தருவாங்களா? இந்த இரண்டுக்கும் நேரா பதில் வராத இடத்துக்குப் போகாதீங்க. இரும்பைச் சிதைக்காமல் பார்க்கும் வேலை, பார்க்கிற ஆளைச் சிதைக்கக் கூடாது.

எம்.எஸ்சி. இயற்பியல், வேதியியல் படிப்பவரா? கல்பாக்கத்தை ஒட்டிய கொக்கிலமேட்டில், பல்கலைக்கழக மாணவர்களும் பேராசிரியர்களும் அணுசக்தித் துறையின் ஆய்வு வசதிகளைப் பயன்படுத்துவதற்கென்றே ஒரு மையம் இருக்கு. யு.ஜி.சி.யும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்துவது. உங்க கல்லூரியில் பெரிய கருவி இல்லையேன்னு ஆராய்ச்சி ஆசையை மூட்டை கட்டாதீங்க. உங்க துறைப் பேராசிரியரிடம் இந்த மையத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்க, திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரும் தூரம்தான்!