மனை தேர்தல்

ஒருவர் தம் வாழ்நாளில் பெரும்பொருளை ஒருங்கே செலவிடுவது பெரும்பாலும் வீடு வாங்கும்போதுதான். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணமும், இனிப் பல்லாண்டு உழைத்து அடைக்கவேண்டிய கடனும் ஒரே நாளில் கைமாறுகின்றன. புடைவை எடுப்பதற்கு நான்கு கடை ஏறியிறங்கும் மக்கள், மனையை ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுவது வியப்பே.

விரைந்து வளரும் நகரங்களுள் சென்னையும் ஒன்று. 2011-ஆம் ஆண்டில் அதன் மாநகராட்சிப் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சூழவிருந்த சிற்றூர்கள் பல நகரத்தோடு இணைந்தன. வயல்கள் மனைகளாயின, வயல்களுக்கு நீர் பாய்ச்சிய ஏரிகள் வேலையற்றுப் போயின. வேலையற்ற ஏரியைத் தூர்ப்பது எளிது. இது புதிய வழக்கமும் அன்று. 1920-களில் தியாகராயநகர் எழுந்ததே, நீண்ட ஏரி எனப்பட்ட பேரேரியின் படுகையில்தான். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்றொரு தெரு இன்றும் உண்டு. அங்கு நின்று பார்ப்பவர்க்கு ஏரிதான் தென்படாது!

ஆகவே, மனை தேடுவோர் ஊர்ப்பெயரையும் சற்றுக் கவனித்தல் நன்று. தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய பெயர்களில் அது நிலைத்திருக்கிறது. பெயரைக் கொண்டே ஓர் ஊரை ஒதுக்கிவிடுதல் அறியாமை. ஆயினும் அங்கே ஏரி எங்கிருந்தது, மிகுநீர் வழியும் கலங்கல் எத்திசையில் இருந்தது, அந்நீர் சென்ற கால்வாய் இன்று என்னவாயிற்று என்று முதியவர்களை வினவுதல் வேண்டும்.

வேளச்சேரியைச் சான்றாகக் கொள்ளலாம். நகரின் தென்பகுதி ஏரிகள் பலவற்றின் வடிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவின் வழியே கடலை நோக்கிச் செல்கிறது. சதுப்புநிலம் மழைநீரைத் தேக்கிவைத்து மெல்ல மெல்ல விடுவிக்கும் இயல்புடையது. சாலைகளும் கட்டடங்களும் குப்பைமேடும் அதன் பரப்பைச் சுருக்கியபின், தேங்க இடமில்லா நீர் தெருக்களில் தேங்கலாயிற்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருமழை பொழிந்து அடையாறும் கரைகடந்தபோது, நகரின் பல பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். அவ்வீடுகளை வாங்கியோர் பலர் வேனிற்காலத்தில் வந்து பார்த்தவர்களாகவே இருந்திருப்பர்.

நிலத்தின் தன்மையைப் போலவே அதன் உரிமையும் ஆராயத்தக்கது. விற்பவர்க்கு அந்நிலம் எவ்வாறு வந்தது என்பதை மூலப்பத்திரம் காட்டும். அதன்மீது அடைமானமோ வேறு விற்பனையோ உண்டா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்று காட்டும். ஆனால், பதிவு பெற்ற ஆவணங்கள் மட்டுமே அச்சான்றில் இடம்பெறும். உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எனவே மறைந்துகிடக்கும் உயிலொன்று பின்னர் வெளிப்பட்டு வழக்காக மாறுவதும் உண்டு. வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டனரா என்று வழக்கறிஞர் துருவிக் கேட்பது இதனாலேயே. பட்டாவில் உள்ள புல எண்ணை வருவாய்த்துறையின் பதிவேட்டோடு ஒப்பிட்டால், அவ்விடம் நீர்நிலைப் புறம்போக்கா என்பதும் புலனாகும்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர் அறையின் அளவை மட்டும் கேட்கின்றனர். கட்டடம் நிற்கும் நிலத்தில் தமக்குரிய பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று கேட்போர் சிலரே. கட்டடம் ஆண்டுதோறும் பழுதுபடும். நிலமோ எஞ்சி நிற்கும். மேலும், 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டத்தின்படி, விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் கட்டுநர் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது.

இவையெல்லாம் செவ்வையாக இருப்பினும், அக்கம்பக்கத்தை அறிவதற்கு ஏடுகள் உதவா. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் எந்தச் சாலையைக் கடக்கவேண்டும், கோடையில் கிணறு வற்றுமா, தண்ணீர் லாரிக்கு எத்தனை நாள் காத்திருக்கவேண்டும், இரவுப் பேருந்து எதுவரை வரும் என்பவற்றை அங்கு வாழ்வோரே கூறவல்லர். தேநீர்க் கடைக்காரரும் சலவைத் தொழிலாளரும் தரகரைவிடத் தெளிவாகச் சொல்வர். அவர்களுக்கு விற்பனையில் பங்கு இல்லையன்றோ? ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் குடையுடன் சென்று, தெருவில் நீர் எப்பக்கம் ஓடுகிறது என்றும், பழைய மதிற்சுவர்களில் நீர்க்கறை எத்தனை அடி உயரத்தில் படிந்துள்ளது என்றும் பார்த்து வருவோரும் உளர்.