வளைகாப்பு முடிந்ததும் ஃபைலும் பிறந்தகம் போகட்டும்

“தலையில ஷன்ட் வெச்சிருக்கே, இவ பிள்ளை பெத்துக்கலாமா டாக்டர்?”

சிறுவயதில் மூளையில் நீர் கோத்து ஆபரேஷன் செய்த மகளுக்கு வரன் பார்க்கும்போதே தாயின் மனதை அரிக்கும் கேள்வி இது. தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். சுகப்பிரசவத்துக்கும் ஷன்ட் தடையில்லை. முன்னேற்பாடுதான் முக்கியம்.

மூளைக்குள் தினமும் சுமார் அரை லிட்டர் நீர் சுரக்கிறது. அது வடிய வழியில்லாதவர்களுக்கு வால்வு பொருத்தி, தோலுக்கடியில் குழாய் செலுத்தி, நீரை வயிற்றுக்குள் இறக்கிவிடுகிறார்கள். இந்த அமைப்புதான் ஷன்ட். 1956-ல் அமெரிக்காவின் ஜான் ஹோல்டர், நோயுற்ற தன் மகனுக்காக ஒரு வால்வை உருவாக்கினார். அத்தகைய வால்வுகளால் பிழைத்த பெண் குழந்தைகள் வளர்ந்து தாயாகிறார்கள்.

எப்போது கவனம்?

கருப்பை பெரிதாகும்போது வயிற்றினுள் அழுத்தம் கூடும். நீர் வடிவது தடைப்படலாம். தலைவலி, வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, அசாதாரணத் தூக்கம் வந்தால் மசக்கை என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பிலும் தலைவலியும் பார்வைக் கோளாறும் வரும். பிரஷரும் சிறுநீரில் புரதமும் பார்ப்பதோடு நிறுத்தாமல், மூளை ஸ்கேனும் தேவையா என்று கேட்க வேண்டும்.

நம் வழக்கமோ, கடைசி மூன்று மாதத்தில்தான் வளையல் அடுக்கிப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறது. ஆபத்து கூடும் நேரத்தில் டாக்டர் மாறுகிறார். புதுச்சேரி லாஸ்பேட்டை டாக்டர் அறிந்தது திண்டிவனம் டாக்டருக்குத் தெரியாது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் நரம்பு அறுவைப் பிரிவும் மகப்பேறு பிரிவும் கோரிமேட்டிலேயே உள்ளன. இடம் மாறும் முன் இரு பிரிவையும் பார்த்துவிடுவது நல்லது.

செய்ய வேண்டியவை

கருத்தரிக்கும் முன்பே ஸ்கேன் எடுத்து வையுங்கள். பின்னர் ஒப்பிட உதவும். தண்டுவடப் பிறவிக்குறை உள்ளவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் கூடுதல் அளவில் தேவைப்படும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன் டாக்டரிடம் பேச வேண்டும். மயக்க மருந்து நிபுணரை முன்கூட்டியே பார்க்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு முன்பும் வயிற்றில் குழாய் இருப்பதைச் சொல்லியாக வேண்டும்.

வால்வின் பெயர், பொருத்திய ஆண்டு, நரம்பு அறுவை டாக்டரின் போன் எண் ஆகியவற்றைத் தாய்-சேய் அட்டையில் எழுதிவையுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் ஷன்டை மறைக்காதீர்கள். பெண்ணால் பேச முடியாத வேளையில், டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டியவர்கள் உடனிருப்பவர்களே.