டியூரன்மாட்டின் ‘வாக்குறுதி’ புதினத்தில் துப்பறிதலும் தற்செயலும்

ஆய்வுச் சுருக்கம்

சுவிட்சர்லாந்து எழுத்தாளர் பிரீட்ரிக் டியூரன்மாட் (1921–1990) ஜெர்மன் மொழியில் எழுதி 1958இல் வெளியிட்ட ‘வாக்குறுதி’, சிறுமியரைக் கொல்லும் தொடர்கொலையாளியைத் தேடும் காவல் அதிகாரி ஒருவரின் கதையாகும். துப்பறிவோனின் தோல்வியைக் காட்டும் புதினமாகவே இது பெரிதும் அறியப்படுகிறது. துப்பறிவோரின் உறுதிப்பாட்டிற்கு விலை கொடுப்போர் யாவர் என்னும் அறவினாவே இதன் மையம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புதினம், தொடர்கொலை, தற்செயல், ஊழ், அறம்

முன்னுரை

துப்பறியும் புதினம் வாசகரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டே தொடங்குகிறது. சிதறிய தடயங்களை அறிவு ஒன்றிணைக்கும். குற்றவாளி இறுதியில் வெளிப்படுவான் என்பதே அவ்வுடன்பாடு. தொடர்கொலையைப் பொருளாகக் கொண்ட புதினங்களில், அடுத்த உயிர் பறிபோவதற்குள் கொலையாளியைக் கண்டறிய வேண்டும் என்னும் நெருக்கடியால் இவ்வெதிர்பார்ப்பு மேலும் வலுப்பெறுகிறது. டியூரன்மாட் இவ்வுடன்பாட்டை முறிக்கிறார். நூலின் துணைத்தலைப்பே இதனைக் குற்றப் புதினத்திற்கான இரங்கற்பாவாகக் குறிக்கிறது.

திரைக்கதையிலிருந்து புதினத்திற்கு

இக்கதை முதலில் திரைப்படத்திற்காக எழுதப்பட்டது. லாடிஸ்லாவோ வாய்டா இயக்கத்தில் 1958இல் வெளிவந்த அப்படத்தின் முடிவில் கொலையாளி காவல்துறையிடம் வீழ்கிறான். அம்முடிவில் நிறைவுகொள்ளாத டியூரன்மாட் அதே கதையைப் புதினமாக்கியபோது முடிவை மாற்றினார். மேலும், கதைக்கு ஒரு சட்டகமும் அமைத்தார். கூர் நகரில் குற்றப்புனைவு பற்றி உரையாற்றிய எழுத்தாளர் ஒருவரை, சூரிக் காவல்துறையின் முன்னாள் தலைவர் தம் காரில் அழைத்துச் செல்கிறார். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், குடியால் சீர்குலைந்து, யாரோ வருவான் எனக் காத்திருக்கும் ஒருவரைக் காண்கின்றனர். அவரே ஒருகாலத்தில் திறன்மிக்க அதிகாரியாக விளங்கிய மத்தேயி. குற்றப்புனைவாளர்கள் உலகை ஒழுங்கான சதுரங்கப் பலகையாகக் காட்டுகின்றனர் என்னும் குற்றச்சாட்டிற்குச் சான்றாகவே முன்னாள் தலைவர் மத்தேயியின் கதையைக் கூறுகிறார். இதனால் கதைப்போக்கே இலக்கிய வகைமை மீதான திறனாய்வாகவும் அமைகிறது.

தவறான முடிவின் பலி

கிரிட்லி மோசர் என்னும் சிறுமியின் உடலைக் கண்டு மத்தேயிக்குத் தகவல் தருபவர், ஊர்தோறும் சென்று பொருள் விற்கும் ஃபான் குன்டென். முன்னரே தண்டனை பெற்றவர் என்பதால் ஐயம் அவர்மீதே திரும்புகிறது. இருபது மணி நேரத்திற்கும் மேலான விசாரணைக்குப்பின் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, காவலறையில் தூக்கிட்டு இறக்கிறார். காவல்துறை வழக்கை முடித்துக்கொள்கிறது. இங்கு ஒப்புதல் என்பது உண்மையின் வெளிப்பாடு அன்று. களைப்பின் விளைவே ஆகும்.

சரியான முடிவின் பலி

கொலையாளியைக் கண்டுபிடிப்பதாகச் சிறுமியின் தாய்க்கு வாக்களித்திருந்த மத்தேயி, ஜோர்டானில் ஏற்கவிருந்த பணியைக் கைவிடுகிறார். கிரிட்லி பள்ளியில் வரைந்த ஓவியம் ஒன்றே அவருக்குக் கிடைத்த தடயம். பேருருவ மனிதன் ஒருவன் சிறுமிக்கு முள்ளெலிகளைக் கொடுப்பது, கரிய கார், விந்தையான கொம்புடைய விலங்கு ஆகியன அதில் உள்ளன. அவ்விலங்கு கிரௌபுண்டன் மாநிலச் சின்னமான மலையாடு என்றும், முள்ளெலி என்பது சாக்லேட் உருண்டை என்றும் அவர் உய்த்துணர்கிறார். கொலையாளி கிரௌபுண்டனிலிருந்து சூரிக் செல்லும் சாலையில் வருவான் எனக் கணித்து, அங்கே பெட்ரோல் நிலையம் ஒன்றை எடுத்து நடத்துகிறார். ஹெல்லர் என்னும் பெண்ணையும், கொலையுண்ட சிறுமியரை ஒத்த அவள் மகள் ஆன்னெமாரியையும் உடன் தங்கவைக்கிறார். அக்குழந்தை தான் தூண்டிற்புழு என்பதை அறியாள், தாயும் அறியாள்.

கணிப்புப் பொய்க்கவில்லை. ஆன்னெமாரியின் கையில் சாக்லேட் உருண்டைகள் காணப்படுகின்றன. காவலர் காட்டில் மறைந்து பல நாள் காத்திருந்தும் எவனும் வரவில்லை. பொறுமையிழந்த அவர்கள் இறுதியில் அச்சிறுமியின்மீதே தம் சினத்தைக் காட்டுகின்றனர். காக்க வந்தோர் கை குழந்தைமேல் ஓங்கும் இவ்விடமே புதினத்தின் உச்சம் எனலாம். ஃபான் குன்டெனை அழித்தது காவல்துறையின் பிழையான உறுதி. ஆன்னெமாரியின் வாழ்வைச் சிதைத்தது மத்தேயியின் பிழையற்ற உறுதி. இரண்டும் எளியோரையே கருவியாக்கின.

தற்செயலும் ஊழும்

ஆண்டுகள் பல கழிந்தபின், இறக்கும் தறுவாயிலுள்ள மூதாட்டி ஒருவர் காவல்துறைத் தலைவரிடம் உண்மையை வெளியிடுகிறார். கொலைகளைச் செய்தவன் அவருடைய கணவன் ஆல்பர்ட் ஷ்ரோட். ஆன்னெமாரியைக் கொல்லப் புறப்பட்ட அவன் வழியில் கார் விபத்தில் இறந்துபோனான். அறிந்திருந்தும் மூதாட்டி வாய் திறக்கவில்லை. மத்தேயியின் கணிப்பு முழுதும் சரியென உறுதிப்படும்போது, அதைப் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை.

இவ்விபத்தைத் தமிழ் வாசகர் ஊழ் எனக் கொள்ளக்கூடும். ஆயின் இரண்டும் வேறு. ஊழ் என்பது வினைக்கும் பயனுக்கும் தொடர்பு காட்டும் ஒழுங்கு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைக்கு முற்பிறப்பு வினை காரணமாகக் கூறப்படுகிறது. டியூரன்மாட் காட்டும் விபத்திற்கு அத்தகைய முன்தொடர்பு எதுவுமில்லை. அது ஒரு சிறுமியின் உயிரைக் காக்கிறது. அவளைக் காக்க முனைந்தவரை அழிக்கிறது. அதில் நீதியும் இல்லை, தண்டனையும் இல்லை.

முடிவுரை

‘வாக்குறுதி’ அறிவைப் பழிக்கும் நூல் அன்று. ஓவியத்தைப் படித்தறிந்த மத்தேயியின் கூர்மையை அது மதிக்கிறது. ஆனால், அறிவு சரியாக இருப்பதனாலேயே அதன் வழி அறமாகிவிடாது என்பதை உணர்த்துகிறது. கொலையாளி சிறுமியருக்கு இனிப்பைக் காட்டினான். மத்தேயி கொலையாளிக்குச் சிறுமியைக் காட்டினார். இவ்விரு செயல்களுக்கும் இடையிலான தொலைவை அளக்குமாறு புதினம் வாசகரிடம் கோருகிறது. கொலையாளி யார் என்பதோடு முடியும் வழக்கமான துப்பறியும் கதையினின்று இப்புதினம் வேறுபடுவது இக்கோரிக்கையாலேயே ஆகும்.